இடி பேட்டரியின் முதல் ரசிகர்

பச்சையப்பன் பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க இறக்கி வைத்துவிட்டு, "உள்ள சரக்கு கீதுப்பா!" என்றார்.

எட்வர்டுக்குக் கண் கலங்கிவிட்டது. பழைய கம்பெனி வேலையை விட்டு, கைக்கு வந்த பி.எஃப். பணத்தில் கும்மிடிப்பூண்டியில் ஷெட் போட்டு, 'இடி' என்ற பெயரில் இன்வெர்ட்டர் பேட்டரி செய்ய ஆரம்பித்து எட்டு மாதம். பேட்டரியைப் பற்றியும் சரி, அவனைப் பற்றியும் சரி, அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

மீஞ்சூரிலிருந்து சோழவரம் வரை அவன் ஏறி இறங்காத கடையில்லை. "பெரிய கம்பெனி பேட்டரி புட்டுக்கினா ஜனங்க கம்பெனியத் திட்டுவாங்க. உன்து புட்டுக்கினா என்னைத்தான் திட்டுவாங்க" என்று ஒரு கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். இடி பேட்டரி அதுவரை சம்பாதித்தது அந்த டீ ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் எட்வர்டின் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் அவன் மனைவி ஸ்நேகா பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். மற்றவர்களைவிட ஈயத் தகட்டைத் தடிமனாகப் போட்டான். விலையைப் பாதியாக வெட்டினான்.

"முதல்ல மார்க்கெட்டுக்குள்ள காலை வெக்கணும். நஷ்டம்லாம் வெதநெல்லு மாதிரி" என்றான்.

"இந்த மாசமும் பேட்டரி விக்கலன்னா பழைய வேலைக்கே போயிடணும்" என்று ஸ்நேகா சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் வந்து நின்றவர்தான் இந்தப் பச்சையப்பன். எளாவூரில் முப்பது வருஷமாகப் பேட்டரித் தொழிலாம்.

"எத்தினி கீது?"

"நாப்பது அண்ணே."

"மொத்தத்தையும் வண்டில ஏத்து. ஆசிட் ஊத்தாத, அப்டியே குடு."

வழியில் சிந்திவிடும் என்று யோசிக்கிறார், அனுபவஸ்தர் என்று எட்வர்ட் வியந்தான். வாரண்டி கார்டுகளை நீட்டினான்.

"அத உன்னாண்டயே வெச்சுக்கோ. நம்பிக்கதாம்பா தொழிலு!"

அடுத்த மாதம் அறுபது. அதற்கடுத்த மாதம் நூறு. எட்வர்டின் நடையே மாறிவிட்டது. பழைய சிநேகிதர்களுக்குப் போன் போட்டு, கேட்காமலேயே வியாபார வகுப்பெடுத்தான். "ஒரு பேட்டரி, ஒரே ஒரு பேட்டரி ரிப்பேருன்னு திரும்பி வர்ல மச்சான்!"

"அண்ணன் ரெண்டு வார்த்த பேசுறத வீடியோ எடுத்துப் போட்டா, ஊரே நம்மாண்ட வரும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்நேகாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு எளாவூருக்குப் போனான். கையில் ஒரு கிலோ மைசூர்பாகு.

நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருந்தது இடம். தகரக் கதவைத் தள்ளியவன் அப்படியே நின்றான்.

இடி பேட்டரிகள் வரிசையாக மல்லாந்து கிடந்தன. ஒருவர் கோடாலியால் மேல்மூடியைப் பிளந்துகொண்டிருந்தார். இன்னொருவர் ஈயத் தகடுகளை உருவி, எடைக்கு விற்கத் தராசில் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே... இன்னாண்ணே இது? புது பேட்டரிண்ணே!" என்று அலறினான் எட்வர்ட். ஸ்நேகா மைசூர்பாகை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பச்சையப்பன் துண்டில் கையைத் துடைத்தபடி, வாய் கொள்ளாச் சிரிப்போடு ஓடிவந்து அவன் தோளைத் தட்டினார்.

"இந்தத் தொழில மட்டும் உட்டுறாத நைனா! பழசு வாங்கி ஒடைக்கிறத விட, உன்னாண்ட புதுசு வாங்கி ஒடைக்கிறது சீப்பா கீது!"