முகத்துணி

அவருக்கு அழுகை வரவில்லை.

புது ஷூ விரலைக் கடிப்பது மட்டும் தெரிந்தது. பெட்டிக்குள் செல்வின் படுத்திருந்தான். யாரோ அவனுக்கு நேர்வகிடு எடுத்துச் சீவிவிட்டிருந்தார்கள். ஒருநாளும் அவன் அப்படிச் சீவியதில்லை.

பெட்டியை மூடப்போகிறார்கள். சொந்தக்காரர்கள் மட்டும் பக்கத்தில் நிற்கலாம், மற்றவர்கள் பந்தலுக்கு வெளியே. ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டே வந்த சபை உபதேசியார் அவர் முன்னாலும் நின்றார்.

அண்ணன் முறையா?

இல்லையென்று தலையசைத்தார்.

மாமா வழியா? கூட வேலை பார்த்தவரா?

இல்லை. இல்லை.

இறையியல் கல்லூரி வாத்தியாரான அவர் நடத்தும் பாடமும் இதுதான். கடவுள் இன்னார் என்று சொல்ல நமக்கு வாய் கிடையாது. இன்னார் இல்லை, இன்னார் இல்லை என்று தள்ளிக்கொண்டே போகவேண்டும். தள்ள ஒன்றும் மிஞ்சாத இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கவேண்டும். மத்தியான வகுப்பு. பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.

சிநேகிதரா?

ஒரே வீட்டில் இருந்த இத்தனை வருடமும் அதற்கு ஆமாம் என்றுதான் சொல்லிவந்தார். வீட்டுக்காரரிடம், பிஷப்பிடம், கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸிடம். சொல்லும்போதெல்லாம் செல்வின் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இன்றும் சொல்லிவிட்டால் ஓரமாக நின்று பார்க்க விடுவார்கள்.

தலை தன்பாட்டுக்கு இல்லையென்று ஆடிவிட்டது.

வேதாகமத்தில் சீடன் குருவை மறுதலித்ததும் சேவல் கூவும். இங்கே எதுவும் கூவவில்லை. உபதேசியார் பந்தலுக்கு வெளியே கைகாட்டினார்.

அவர் நடந்தார். ஷூ கடிப்பதுகூட இப்போது வலிக்கவில்லை.

கடைசியாக வெள்ளைத் துணியை இழுத்து முகத்தை மூடுவது பெண்டாட்டியின் பங்கு. செல்வின் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. தாயும் போய்ச் சேர்ந்தாயிற்று. அதனால் துணி அக்கா ஹெப்சியின் கையில் இருந்தது. அவள் குனியவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இங்க வாங்க. நீங்கதான் மூடணும்."

பந்தலே திரும்பிப் பார்த்தது.

அவர் திரும்பி வந்து துணியை வாங்கிக்கொண்டார். நெஞ்சுவரை இழுத்தார். கழுத்து. மோவாய். அங்கே கை நின்றுவிட்டது.

மூக்கை மூடினால் செல்வினுக்கு ஆகாது. எவ்வளவு அசந்து தூங்கினாலும் போர்வையை உதறித் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

இழுத்து, மூக்கை மூடினார்.

ஹெப்சி அவர் தோளைத் தொட்டாள். உபதேசியார் பெட்டியின் மூடியைத் தூக்கச் சொன்னார்.

அவர் நகரவில்லை. துணியையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.