மருமகன் கட்டிய தக்காளிச் செடி

மாமியார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே நேராகப் பால்கனிக்குப் போய், மீன்தொட்டியின் மேல் குனிந்தார்.

மருமகனும் பின்னாலேயே போனான்.

தொட்டியில் ஐந்து மீன்கள். அதற்கு மேலே கூழாங்கல் நிரப்பிய தட்டு. அதில் பொட்டு மண்கூட இல்லாமல் ஒரு தக்காளிச் செடி. மீன் தண்ணீர் சின்ன மோட்டாரால் மேலே ஏறிச் செடிக்கு உரமாகும், வடிந்து மறுபடியும் மீனிடமே வரும். ஆகவே செடிக்கு நாம் எதை ஊன்றிவைத்தாலும், அதை மீனுக்கு ஊட்டிவிட்ட மாதிரிதான்.

அந்த ஐந்தும் மூத்த மகள், அதாவது மருமகனின் மனைவி, தன் முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கித் தந்தவை. அவற்றுக்கு அந்த வீட்டில் இருக்கும் மரியாதை மருமகனுக்குக் கிடையாது. கல்யாணமாகி மூன்று வருடத்தில் மாமியார் அவனை நம்பி ஒப்படைத்ததும் அவற்றை மட்டும்தான். பத்து நாள் சின்ன மகள் வீட்டுக்குக் கிளம்புமுன் அவனை உட்காரவைத்து வகுப்பே எடுத்துவிட்டார்.

துத்தநாகம் பூசிய கம்பிவலை கூடாது. பெயிண்ட் அடித்த குச்சி கூடாது. புதுக் கல் எதுவானாலும் முதலில் வினிகரில் போட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தூக்கி எறிந்துவிட வேண்டும்.

செம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மருமகன் எலக்ட்ரீஷியன். அவனைக் கேட்டால் செம்பு தங்கத்துக்கு ஒரு படி மேல். மூன்றாம் நாள் காய்களின் பாரம் தாங்காமல் செடி சாய்ந்தபோது, அசல் செம்புக் கம்பியாகப் பார்த்து எடுத்து, மேலுறையை உரித்து, பளபளவென்று முறுக்கி, கல்லுக்கு அடிவரை இறக்கி ஒரு கோபுரமே கட்டிவிட்டான். நாலு பக்கமும் நின்று போட்டோ வேறு எடுத்துக்கொண்டான்.

ஆறாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் மல்லாந்து மிதந்தன.

மனைவி எழுந்திருப்பதற்குள் கம்பியைப் பிடுங்கினான். பாதித் தண்ணீரை மாற்றினான். குடிநீர்க் குழாய்த் துண்டு ஒன்றை ஊன்றி, பருத்தி நாடாவால் செடியைக் கட்டினான். செத்த இரண்டையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, வண்ணமீன் கடை திறக்கும் முன்பே அதன் வாசலில் போய் நின்றான். பெயிண்ட் கடையில் சுவர்த் துணுக்கை நீட்டிக் கலர் கேட்கிறவனைப் போல, அதே நிறம், அதே நீளம், அதே வால் என்று பார்த்துப் பார்த்து வாங்கினான். கடைக்காரர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை.

இப்போது மாமியார் தண்ணீருக்குள் விரலை விட்டார்.

மூன்று மீன்கள் தீனி என்று நினைத்து ஓடிவந்தன. இரண்டு மட்டும் மூலையில் போய் ஒதுங்கிக்கொண்டன.

போச்சு, இனி இந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றக்கூடத் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான் மருமகன்.

மாமியார் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எதைப் போட்டீங்க, மாப்பிள்ளை?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "செம்புக் கம்பி, அத்தை."

"செம்பா? அது எனக்குத் தெரியாது." புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டவராகத் தலையை ஆட்டினார். "வலையில மூணு போச்சு. பெயிண்ட் குச்சியில ஒண்ணு. கல்லுல ரெண்டு."

மருமகன் மனதுக்குள் கூட்டிப் பார்த்தான். ஐந்தைத் தாண்டியது. மறுபடியும் கூட்டினான். அப்போதும் தாண்டியது.

வாயைத் திறக்கப் போனான். அதற்குள் சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"அம்மா, என் முதல் சம்பளத்தை இவர் ஒழுங்கா பாத்துக்கிட்டாரா?"

மாமியார் ஈர விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"என்னை மாதிரியே பாத்துக்கிட்டார்டி."