மடியில் பன்னிரண்டு வோல்ட்

தனுசியா குனிந்த தலை நிமிரவேயில்லை.

"பிள்ளை நல்ல அடக்கம். நிமிர்ந்தும் பாக்குதில்லை," என்றார் கைபேசித் திரைக்குள் இருந்த மாப்பிள்ளையின் தாய், கனடாவிலிருந்து.

பஞ்சலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்தொன்பது வருடத்தில் அவர் மகளைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை.

மகள் பார்த்துக்கொண்டிருந்தது தன் மடியை. சேலைத் தலைப்பின் மறைவில் மூடி இல்லாத ஒரு சவர்க்காரப் பெட்டி, சோப்பு வாசம் இன்னும் போகாதது. அதற்குள் ஒரு சின்னப் பலகை, இரண்டு வயர், சிவப்பாக எரியும் எண்கள்: 12.1.

மின்வெட்டு மாலை ஆறு மணிக்கு. பெண் பார்க்கச் சோதிடர் குறித்துக் கொடுத்த நல்ல நேரம் ஆறு இருபதிலிருந்து ஆறு நாற்பது வரை. அட்டவணை போட்டவரும் சோதிடரும் ஒருவரோடொருவர் கலந்து பேசுவதில்லை, அதனால் வந்த வினை. கறண்ட் போனால் அவர்களுடைய ஊரான அரியாலையில் கொஞ்ச நேரத்தில் கைபேசிச் சிக்னலும் போய்விடும். இணையம் தரும் வீட்டு ரவுட்டர் உயிரோடு இருந்தால்தான் கனடா தெரியும்.

ரவுட்டருக்குப் பன்னிரண்டு வோல்ட் வேண்டும். பவர் பாங்க் கொடுப்பது ஐந்து. ஐந்தைப் பன்னிரண்டாக ஏற்றிக் கொடுப்பதுதான் சவர்க்காரப் பெட்டிக்குள் இருந்த பூஸ்ட் கன்வேர்ட்டரின் வேலை. செய்தது தனுசியாதான். பகலில் அவளுக்கு வங்கி வேலை. வீட்டுக்கு வந்தால் ஈயம் உருக்கும் வேலை.

"உந்தச் சாமான் அவையின்ரை கண்ணிலை படப்படாது, சொல்லிப்போட்டன்," என்று தாய் பத்மாசினி காலையிலேயே எச்சரித்திருந்தார். சோல்டரிங் கோல் பிடிக்கிற பெண்ணை எவன் கட்டுவான் என்பது அவர் கவலை. ஆகவேதான் பெட்டி மடிக்குப் போனது.

பலகையின் மூலையில் ஒரு பித்தளைத் திருகாணி. ஒரு பக்கம் திருப்பினால் வோல்ட் ஏறும், மற்றப் பக்கம் திருப்பினால் இறங்கும். கூடிப்போனால் ரவுட்டர் கருகி மணக்கும். போன மாதம் ஒன்று அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஒன்பதுக்குக் கீழே இறக்கினால் ஒரு சேதமும் இல்லை. ரவுட்டர் சத்தமில்லாமல் கண்ணை மூடிவிடும்.

தனுசியாவின் உள்ளங்கைக்குள் மிகச் சின்னத் திருப்புளி ஒன்று இருந்தது.

அவளுக்கு இந்தக் கலியாணம் வேண்டாம். வேண்டாம் என்று வாயால் சொன்னால் அப்பா மூன்று நாள் சாப்பிடமாட்டார், நாலாம் நாள் ஆஸ்பத்திரி. சென்ற வருடம் அதுதான் நடந்தது. ஆனால் நல்ல நேரத்தில் பேச்சு அறுந்தால் அது சகுனப் பிழை. பஞ்சலிங்கம் தானே முன்னின்று சம்பந்தத்தை விட்டுவிடுவார். இரவுக்குப் புட்டும் சாப்பிடுவார்.

அவசரப்படக்கூடாது. முந்தி அறுத்தால் நல்ல நேரம் முடிவதற்குள் திரும்ப எடுத்துவிடுவார்கள். ஆறு முப்பத்தெட்டுக்குத் திருப்புவது என்று முடிவுசெய்திருந்தாள்.

"மாப்பிள்ளைத் தம்பியும் எங்கடை பிள்ளை மாதிரித்தான், நிலம் பாத்தபடி," என்று பஞ்சலிங்கம் தன் பங்குக்குப் புகழ்ந்தார்.

ஆறு முப்பத்தேழு.

"அப்ப, பிள்ளையள் ரண்டும் ஒரு சொல்லுக் கதைக்கட்டுமன்," என்றார் மாப்பிள்ளையின் தாய்.

திருப்புளியின் நுனி திருகாணிப் பிளவுக்குள் இருந்தது. யாரை வேண்டாம் என்கிறோம் என்று ஒருமுறையாவது பார்க்கலாமென்று தனுசியா நிமிர்ந்தாள். அருட்செல்வன் என்று பெயர். கண்ணாடி போட்டிருந்தான். குனிந்தபடியே இருந்தான். அவன் முழங்கை மட்டும் லேசாக அசைந்தது.

திரை உறைந்தது. மாப்பிள்ளையின் தாய் வாய் திறந்தபடி நின்றுபோனார். வட்டம் ஒன்று சுழன்று சுழன்று, அழைப்பு அறுந்தது.

தனுசியா திருப்புளியைப் பார்த்தாள். அவள் இன்னும் திருப்பவில்லை.

எண்களைப் பார்த்தாள். 12.1. அலமாரியில் ரவுட்டரின் பச்சை விளக்குகள் ஒன்று குறையாமல் எரிந்தன. அந்த நேரம் பார்த்து அப்பாவின் கைபேசிக்கு யாரோ அனுப்பிய மாலை வணக்கம், ரோசாப்பூவோடு, வந்து விழுந்தது.

இங்கே ஒரு குறையும் இல்லை. அங்கேயோ கறண்ட் போகாத ஊர்.

பஞ்சலிங்கம் மூன்று தரம் எடுத்துப் பார்த்தார். மணி ஆறு நாற்பதைத் தாண்டியது. கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"சகுனம் சரியில்லை, இந்தச் சம்பந்தத்தை விடுவம். எல்லாம் உன்ரை உந்தச் சவர்க்காரப் பெட்டியாலை!"

கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, ஒரு சுற்றுக்கூடத் திருப்பாமல். தனுசியா சந்தோசப்பட்டிருக்கவேண்டும். அவளுக்குக் கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் மினக்கெட்டுச் செய்த பெட்டி, ஒரு புள்ளி குறையாமல் நின்ற பெட்டி, அதன்மேல் பழி. பிழை பெட்டியில் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. பிறகு யாரில் என்று அப்பா கேட்பார், அதற்குப் பதில் சொன்னால் ஆஸ்பத்திரிதான்.

அதைவிடப் பெரிய எரிச்சல் இன்னொன்று. வேண்டாம் என்று சொல்ல இருந்தவள் அவள். அவளை வேண்டாம் என்று சொல்ல இவன் யார்?

சாதகக் கடுதாசியின் மூலையில் அவனுடைய எண் இருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள்.

"இங்கை பன்னிரண்டு வோல்ட்டும் அப்பிடியே நிக்குது. அங்கை என்ன பிழை?"

பதில் வந்தது.

"பிழை என்ரை விரலிலைதான். அம்மாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."