ஒரு நகக் கனம்

"கண்ணாடியை எங்கலே?"

பட்டறைக்குள் நுழைந்த பாண்டித்துரை அப்படியே நின்றுவிட்டார். அவருடைய பழைய பியட் கார் புதுப் பெயின்ட்டில் பளபளவென்று நிற்கிறது. முன்கண்ணாடி இருக்க வேண்டிய இடம் மட்டும் காலி.

"கழத்திட்டேன் அண்ணாச்சி. கழத்துறப்ப விரிசல் விட்டுட்டு" என்றான் ஜோயல்.

"நேத்து நான் பார்த்து, நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனேனே, அதையா?"

"ஆமா."

பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர் பாண்டித்துரை. சத்தம் போட்டால் ரோடு வரைக்கும் கேட்கும். கேட்டது.

"ஏலே, கூறு இருக்கா உனக்கு? விடிஞ்சா குத்தாலத்துல பழைய கார் கண்காட்சி. நான் ஓட்டையைக் கொண்டு போயா நிறுத்துவேன்?"

யாருக்குத்தான் கோபம் வராது, சொல்லுங்கள்! இரண்டு மாதம் முன்பு இதே இடத்தில் நின்றுதான் ஜோயல் மூன்று வழி சொன்னான். பழையபடி ரப்பர் பீடிங் போட்டு மாட்டலாம், ஒரே நாள் வேலை. ரப்பரை எடுத்துவிட்டு மேலாக ஒட்டி, ஓரத்தில் கறுப்புப் பட்டை அடிக்கலாம், தூரத்துப் பார்வைக்கு அழகு. இல்லையென்றால் ஃபிரேமையே வெட்டி, உள்ளே புது விளிம்பு வெல்டிங் வைத்து, அளவெடுத்துச் செய்த கண்ணாடியைப் பாடியோடு பாடியாகப் பதிக்கலாம். விரலை வைத்து இழுத்தால் தகரம் எங்கே முடிந்தது, கண்ணாடி எங்கே தொடங்கியது என்றே தெரியாது.

"மூணாவதைச் செய்லே" என்றார் அவர்.

பட்டறை திறந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கண்காட்சியில் இந்த ஒரு கார் நின்றால் போதும், நாலு பேர் தேடி வருவார்கள் என்று ஜோயலும் அவன் மனைவி கிறிஸ்டியும் உயிரைக் கொடுத்து உழைத்தார்கள்.

"அப்படி என்ன குறைலே கண்டே?" பாண்டித்துரை விடுவதாக இல்லை.

"வலது கீழ் மூலை ஒரு நகக் கனம் தூக்கிட்டு நின்னுச்சு அண்ணாச்சி."

"என் கண்ணுக்கே தெரியலை. வேற எவன் கண்ணுக்குலே தெரியப் போவுது?"

"எனக்குத் தெரிஞ்சுட்டே!"

"கண்காட்சி முடிஞ்சு கழத்தித் தொலைக்க வேண்டியதுதான?"

"தப்புன்னு தெரிஞ்சே, என் வேலைன்னு எப்படி அங்கன நிறுத்தச் சொல்லுதீய? மனசு கேக்கலை. புதுக் கண்ணாடி கோயம்புத்தூர்லேருந்து வர நாலு நாளாவும். ஃபிரேமை வெட்டிட்டதால பழைய ரப்பரும் உக்காராது."

"ஓஹோ! துரைக்கு மனசு கேக்கலையோ!"

விருட்டென்று காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார்.

"அண்ணாச்சி, சாரல் அடிக்குது! கண்ணாடி இல்லாம..."

"என் காரு, நான் நனையுதேன். உனக்கென்னலே?"

கார் போன பிறகு கிறிஸ்டி உட்கார்ந்து அழுதாள்.

"நகக் கனத்துக்கு நம்ம பொழப்பையே கெடுத்துட்டீங்களே! கண்காட்சியில அத்தனை பேர் முன்னால அவரு நம்ம பேரை என்ன பாடு படுத்தப் போறாரோ!"

"படுத்தட்டும்டி. அந்த மூலையை நெனச்சாலே எனக்குச் சோறு எறங்கலை."

மறுநாள் பதினொரு மணிக்குப் போன் அடித்தது. அச்சன்புதூரிலிருந்து யாரோ. அவருடைய பழைய ஜீப்புக்குக் கண்ணாடி பதிக்க வேண்டுமாம். வைத்த கையோடு இன்னொரு போன். அப்புறம் இன்னொன்று. மதியத்துக்குள் ஏழு பேர்!

ஒன்றும் புரியாமல் இருவரும் பைக்கில் குற்றாலத்துக்கு ஓடினார்கள்.

மைதானத்தில் இருபது கார்கள். கூட்டமெல்லாம் பியட்டைச் சுற்றித்தான். உள்ளே, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தொப்பலாக நனைந்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார் பாண்டித்துரை. எட்டிப் பார்த்தவர்களிடமெல்லாம் முன்பக்கம் கைகாட்டினார்.

கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில், தக்காளிப் பெட்டி அட்டை ஒன்று கம்பியில் கட்டித் தொங்கியது. அதில் அவர் கையெழுத்து, கொட்டை கொட்டையாக:

'கண்ணாடி எங்கே என்று கேட்கிறவர்களுக்கு. ஒரு நகக் கனம் தூக்கி நின்றது என்று செய்தவனே கழற்றிவிட்டான். நல்லாருக்குன்னு நான் சொல்லியும் கேட்கவில்லை. பெயர் ஜோயல். எங்க தென்காசிக்காரன். போன் நம்பர் கீழே.'