பிடி யார் கையில்?

அன்று காலை பட்டர்வொர்த் இறால் அப்பளத் தொழிற்சாலையில் முதலாளி நாற்காலியைக் காணோம். திருடு போகவில்லை. எல்லாரும் ‘தவுக்கே’ என்று கூப்பிடும் முதலாளி தியோவே அதைக் கழிவறைக்குள் தள்ளிப் பூட்டியிருந்தார்.

கூட்டாளி குவெக் அவரையும் மிஞ்சினார். காலில் ரப்பர் செருப்பு, கையில் துடைப்பம்.

எல்லாம் அன்று வரவிருந்த ஆடிட்டருக்காக. தொழிற்சாலை இருவருடைய கம்பெனிகளுக்கும் சரிபாதி. ஆனால் இங்கே யார் வைத்தது சட்டம் என்று ஆடிட்டர் கண்டுபிடிக்கிறாரோ, அவருடைய கம்பெனிக் கணக்கில் தொழிற்சாலையின் கடன் மொத்தமும் குடியேறிவிடும். மற்றவருக்கு, லாப நஷ்டத்தில் பாதி என்று ஒரே ஒரு வரி. தியோவோ புதுக் குளிர்பதனக் கிடங்குக்கு வங்கியில் கடன் கேட்டிருந்தார். இந்த மூட்டையும் அவர் தலையில் ஏறினால் வங்கி மேனேஜர் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார்.

வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி இறங்கினாள். பின்னால் நாலு தடியர்கள்.

"இங்க முதலாளி யாரு?"

ஆடிட்டர் வந்தாச்சு என்று தியோ உஷாரானார். எடுத்த எடுப்பிலேயே பொறி!

"அவர்தான்" என்று குவெக்கைக் காட்டினார்.

"ஐயையோ, நான் பெருக்க வந்தவன்லா!" குவெக் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டினார். "இவரைக் கேக்காம இங்க ஈகூடப் பறக்காது, மிஸ்."

"புளுகறான், மிஸ்! இங்க எனக்கு ஒரு கோப்பிகூட யாரும் குடுக்கறதில்ல."

அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள். பிறகு, அப்பளம் பொரிக்கும் புது மெஷினைத் தட்டிப் பார்த்தாள். எண்பதாயிரம் மலேசிய வெள்ளி விலையுள்ள சாமான். பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கவில்லை.

"சரி. இத லாரியில ஏத்தப் போறோம். வேணாம்னு சொல்ற அதிகாரம் யாருக்கு இருக்கோ, அவர் சொல்லலாம்."

தியோ அசந்துபோனார். என்ன மூளை! வாயைத் திறந்தவன் தொலைந்தான்.

மெஷின் நகர்ந்தது. மேஸ்திரி ரொக்கியா தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"தவுக்கே! தூக்கிட்டுப் போறாங்க! நிறுத்தச் சொல்லவா?"

"என்னை ஏம்மா கேக்கறே? நான் யாரு?"

அவள் குவெக்கைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே பெருக்கிய இடத்தையே மும்முரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லிடலாமா?" என்று தியோ அவர் காதைக் கடித்தார்.

"சொல்லலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு யாரு எண்ணுறது?"

"நீ எண்ணு."

"ஆங்! எண்ணுறவன்தான் முதலாளின்னு எழுதிடுவா. ஆளைப் பாரு! நீயே எண்ணு."

லாரி புறப்பட்டது. கோட்டுக்காரி கையசைத்தாள். இருவரும் யார் அதிகம் குனிவது என்று போட்டி போட்டுக்கொண்டு கும்பிட்டார்கள்.

"தப்பிச்சோம்லா" என்றார் குவெக். "சும்மா சோதனைதானே. சாயங்காலம் திருப்பி அனுப்பிடுவா."

சற்று நேரத்தில் மழையில் நனைந்த ஒரு குட்டை மனிதர் பையைத் தலைக்குமேல் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"மன்னிச்சிருங்க தவுக்கே, ஃபெரி லேட்டாயிருச்சு. ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து வர்றேன்."

"அப்ப... லாரியில வந்த மிஸ்?"

"லாரியா? எங்க ஆபீஸ்ல எனக்கு டாக்ஸிக்கே காசு தரமாட்டாங்க." அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "முதல் கேள்வி. இங்க யார் சொல்றது நடக்குது?"

தியோவும் குவெக்கும், யாரும் எண்ணாமலே, ஒரே நேரத்தில் லாரி போன திசையைக் காட்டினார்கள்.