அறுபத்திரண்டு அடியிலிருந்து ஓர் உம்

2014 மார்ச் 6, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். நாகௌருக்கு மேற்கே உள்ள எங்கள் ஊரில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் ஐந்து வயது ஜம்கு விழுந்து இருபத்தேழு மணி நேரம் ஆகியிருந்தது. அறுபத்திரண்டாவது அடியில் சிக்கியிருந்தாள்.

பக்கத்தில் வேறொரு குழியை ஐம்பது அடி வரை இயந்திரம் தோண்டியிருந்தது. அதற்குக் கீழே அது அதிர்ந்தால் மேல்மண் அவள்மீது சரியும். ஆகவே, அவளுக்கு உயிர் இருக்கும்வரை மண்வெட்டி, இல்லையென்றால் இயந்திரம்.

உயிர் இருப்பதை அறிய ஒரே வழி, உள்ளே இறக்கிய மைக்.

அங்கன்வாடியில் அவளுக்குக் கற்பிப்பவள் நான்; அக்கா என்ற பொருளில் ஊரார் என்னை ‘பெஹன்ஜி’ என்பார்கள். கிணற்றுக் குழாய்க்குள் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வாக்கியத்துக்கு ஓர் உம் என அவள் குரல் மைக் வழியே மேலே வந்தது.

கௌதாரியின் கம்பு மணியை எறும்பு தூக்கிப் போய்விடுகிறது. கௌதாரி உதவி கேட்டு விலங்கு விலங்காகப் போகிறது, சிறியதிலிருந்து பெரியதற்கு. குழந்தைகளுக்கு வரிசையைப் புரியவைக்க நான் சொல்லும் கதை.

இரண்டு ஐம்பதுக்குப் பிறகு உம் வரவில்லை.

அடுத்த வாக்கியத்தைச் சொன்னேன். அதற்கடுத்ததையும் சொன்னேன். இரைச்சல் மட்டுமே கேட்டது.

“இருபது நிமிஷமாச்சு, பெஹன்ஜி. போதும், எழுந்திருங்க,” என்றார் மீட்புக் குழுத் தலைவர்.

அவர் கையை உயர்த்தினார். இயந்திரம் உறுமியது. என் காலடியில் நிலம் நடுங்கியது.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முதல் நாளிலிருந்து அசையாமல் கிடந்த கேஸர், ஜம்குவின் தாய், முக்காட்டை எறிந்துவிட்டு எழுந்தாள்.

“ஆட்டை விட்டுட்டீங்களே, பெஹன்ஜி! சேவலுக்கு அப்புறம் ஒட்டகமா? ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் அதட்டுற வாய், ஒரு முழு ஆட்டையே முழுங்கிடுச்சே!”

அவள் என் அங்கன்வாடிப் படியை மிதித்தவள் அல்லள். மகள் அந்தக் கதையை வீட்டில் சொல்லிச் சொல்லி அவளுக்குப் பாடமாகியிருந்தது.

பிழையாகச் சொன்ன கதைக்கு உம் கொட்டக் கூடாது. சொல்பவர் திருத்தும்வரை வாய் திறக்கக் கூடாது. அது நான் விதித்த விதி. இருபத்தாறு ஆண்டுகளாக, சேர்ந்த முதல் நாளிலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் கண்டிப்பாகக் கற்பித்து வந்திருக்கிறேன்.

குழாயின்மேல் குப்புற விழுந்து, விட்டுப்போன ஆட்டைச் சொன்னேன்.

எதுவும் வரவில்லை.

மறுபடியும் சொன்னேன். மண் உதிரும் ஓசை கேட்டது. அதனூடே, மெலிதாக, கோபத்துடன், ஓர் உம்.

மூன்று மணி பதினேழு நிமிடத்துக்கு இயந்திரம் நிறுத்தப்பட்டது. எஞ்சிய பன்னிரண்டு அடியையும் கையாலேயே தோண்டுவதென்றும், கதையை நானே தொடர்வதென்றும், நான் பிழை செய்யாதபடி கேஸர் என் அருகில் அமர்ந்து கவனிப்பதென்றும் முடிவாயிற்று.