கண்ணை மூடிய குற்றம்

முதலில் தப்பு செய்தது மச்சினன் சாம்பசிவம்தான். துரைராஜின் அறுபதாம் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது, சரியாக அந்த நேரம் பார்த்துக் கண்ணை மூடிவிட்டான்.

"படத்தையே கெடுத்துட்டான்" என்று துரைராஜ் அதை மாட்ட விடவில்லை. ஆறு வருஷமாக அல்வால் வீட்டு ஹால் சுவர் மொட்டையாக நின்றது. மச்சினன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

பாலாநகர் தொழிற்சாலையில் சின்னப் பிசிறு இருந்தாலும் உருப்படியைத் தூக்கி எறிந்த கண், துரைராஜுடையது. ரிடையரான பிறகும் அது மாறவில்லை.

இன்று கல்யாண நாள். மறுபடி எல்லோரும் நின்றார்கள். மகள் ஷோபா போனை ஸ்டூலில் சாய்த்து, டைமர் வைத்துவிட்டு ஓடி வந்து நின்றாள்.

"ஜலஜா, உன் முந்தானை மடிப்பு சரியில்லை. இன்னொண்ணு எடு."

"பின்னாடி திரை கோணல். இன்னொண்ணு."

"நாற்காலி தள்ளியிருக்கு. இன்னொண்ணு!"

ஜலஜா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "இதுதாங்க கடைசி. இதுவும் நொட்டைன்னா, இனிமே உங்க பக்கத்துல படத்துக்கு நிக்கவே மாட்டேன்."

துரைராஜுக்குச் சுர்ரென்று ஏறியது. "எல்லாம் உன் தம்பியால வந்தது! டேய், இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து வை!"

"ஹவ் மாமா, ஆகட்டும்! ஏற்பாடோடதான் வந்திருக்கேன்." சாம்பசிவம் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். "இனி நான் தூங்கினாலும் தெரியாது."

துரைராஜ் பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. சிரிப்பு பீறிட்டது.

க்ளிக்!

போனைப் பார்த்த ஷோபாவின் முகம் வாடியது. "அப்பா... எல்லாரும் ஓகே. கண்ணை மூடியிருக்கிறது நீங்க மட்டும்தான்."



துரைராஜ் போனை வாங்கினார். தொப்பை குலுங்க, வாயைப் பிளந்துகொண்டு ஓர் ஆள். பக்கத்தில் ஜலஜா. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முந்தைய படங்களைத் தள்ளிப் பார்த்தார். எதிலும் அவள் சிரிக்கவில்லை.

"அழிச்சிடட்டுமாப்பா?"

"நக்கோ! வேண்டாம்!" போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "பெரிசா பிரிண்ட் போட்டு மாட்டு."

"அப்ப நம்ம கணக்கு தீர்ந்துது, இல்ல மாமா?" சாம்பசிவம் இளித்தான்.

துரைராஜ் மனைவியிடம் திரும்பினார். "கண்ணை மூடிட்டேன். மன்னிச்சுக்க, ஜலஜா."

பிறகு மச்சினனைப் பார்த்தார்.

"பார்த்தியாடா? இப்படித்தான் கேக்கணும். ஆறு வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்!"